எல்லாப் புற்றுநோயும் வைரஸால் வருவதில்லை. வருகிறவற்றையாவது தனியாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி (ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ்) வராமல் தடுக்கச் சிறுமிகளுக்குப் போடும் தடுப்பூசி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையில் பெரிய தவறு எதுவும் இல்லை. ஆனால் தலைப்பில் தொடங்கி பல இடங்களில் "புற்றுநோய்க்குத் தடுப்பூசி" என்றே போட்டிருந்தீர்கள். எந்தப் புற்றுநோய்க்கு என்பது பாதிக் கட்டுரை தாண்டித்தான் வருகிறது. அதன் பலன் கடிதங்களில் தெரிந்தது. ஒருவர், புற்றுநோய் வைரஸால் வருகிறது என்றால் அது ஒட்டுவாரொட்டிதானே, வீட்டில் இருக்கும் நோயாளிக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், இதற்கு ஊசி இருக்கிறதென்றால் மார்பகப் புற்றுநோய்க்கு ஏன் போடவில்லை, யார் மறைக்கிறார்கள் என்று கோபப்பட்டிருக்கிறார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. வைரஸால் வரும் புற்றுநோய்களும் வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத புற்றுநோய்களும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால், ஒன்றைப் பற்றிய செய்தியை மற்றதற்கும் சேர்த்து எல்லாரும் படித்துக்கொள்கிறோம்.

நான் ஒரு நோயியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன். பயாப்ஸிக்கு வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, ஸ்லைடில் எடுத்துச் சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் டாக்டர். ஆனால் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கேள்வியை எங்களிடம்தான் முதலில் கேட்பார்கள், அதனால் எந்த இடத்தில் குழப்பம் வருகிறது என்பது ஓரளவு தெரியும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 2018-ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்குப்படி, புதிதாக வந்த புற்றுநோய்களில் சுமார் 13 சதவீதம், அதாவது ஏறக்குறைய 22 லட்சம், ஏதோ ஒரு தொற்றோடு தொடர்புடையவை. தொற்று என்றால் அதிலும் எல்லாமே வைரஸ் இல்லை. பெரிய பங்கு இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவுடையது. அதற்கு அடுத்து எச்.பி.வி, பிறகு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி வைரஸ்கள். எப்ஸ்டீன்-பார், எச்.டி.எல்.வி-1 போன்ற வைரஸ்கள் அதற்கப்புறம். ஆக மீதி 87 சதவீதத்துக்குத் தொற்று காரணம் என்று சொல்ல முடியாது. மார்பகம், புரோஸ்டேட், பெருங்குடல், பெரும்பாலான நுரையீரல் புற்றுநோய்கள் எல்லாம் அந்த 87-இல் அடங்கும். மார்பகப் புற்றுநோய்க்கு வைரஸ் தொடர்பைத் தேடியவர்கள் உண்டு, நிரூபணமாகவில்லை. கிருமியே இல்லாத நோய்க்குக் கிருமித் தடுப்பூசி எங்கிருந்து வரும்? மறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

சரி, செல்லுக்குள் என்ன வித்தியாசம்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீண்டால் வெட்டாமல் போடுங்கள்.

வைரஸ் சம்பந்தமில்லாத புற்றுநோயில், செல்லின் சொந்த மரபணுக்களே கெட்டுப்போகின்றன. புகையிலை, வெயிலின் புற ஊதாக் கதிர், மது, வயது, சில வீடுகளில் பரம்பரை, பல நேரம் வெறும் தற்செயல். ஒவ்வொரு பிழையாகச் சேர்ந்து சேர்ந்து, செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடும். அதில் அடிக்கடி போவது பி53 என்ற மரபணு. டி.என்.ஏவில் சேதம் கண்டால் செல் பிரிவதை நிறுத்திவைப்பதும், சரிசெய்ய முடியாது என்றால் அந்தச் செல்லையே சாகச் செய்வதும் அதன் வேலை. புகையிலை போட்டு வரும் வாய்ப் புற்றுநோய்களில் பெரும்பாலும் இந்த மரபணு உடைந்தே இருக்கும்.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் பார்த்தால் பி53 மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் எச்.பி.வி வைரஸ் தன்னுடைய இ6 என்ற புரதத்தை வைத்து, செல் தயாரிக்கிற பி53 புரதத்தையெல்லாம் உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது. இ7 என்ற இன்னொரு புரதம், செல் பிரிவைத் தடுத்து வைத்திருக்கும் ஆர்.பி புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதல் வகையில் காவல்காரர் செத்துப்போய்விட்டார். இரண்டாவதில் அவர் தினமும் வேலைக்கு வருகிறார், ஆனால் வாசலிலேயே பிடித்துக் கட்டிப்போட ஒருவன் நிற்கிறான். உடம்புக்கு வெளியே பார்க்கிற நமக்கு இரண்டும் கட்டிதான், இரண்டும் ரத்தம் கசியும், இரண்டும் பரவும்.

வாசலில் நிற்கும் அந்த ஆள், அதாவது வைரஸின் புரதம், விலகினால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறார்கள். 1951-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே, எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கின்றன. ஹீலா செல்கள் என்பார்கள். அவற்றுக்குள் இருப்பது எச்.பி.வியின் 18-ஆம் வகை. இத்தனை காலத்துக்குப் பிறகும், அந்தச் செல்களில் இ6, இ7 இரண்டையும் அணைத்துவிட்டால் பி53 திரும்ப வேலை செய்ய ஆரம்பிக்கிறது, வளர்ச்சி நின்றுவிடுகிறது. புற்றுநோயாக மாறி எத்தனையோ காலம் கழித்தும் வைரஸின் கை தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் மருந்து கொடுத்து வைரஸைக் கொன்றால் புற்றுநோய் போய்விடுமே என்று ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆய்வகத் தட்டில் முடிந்தது மனித உடம்பில் இன்னும் முடியவில்லை. வைரஸின் மரபணுத் துண்டு பெரும்பாலும் நம் செல்லின் டி.என்.ஏவுக்குள்ளேயே செருகிக்கொண்டுவிடுகிறது, அங்கே முழு வைரஸ் உற்பத்தியாவதுகூட இல்லை, ஆகவே வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வழக்கமான மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. எனவே கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்துவிட்டால் சிகிச்சை மற்றதைப் போலவே அறுவை, ரேடியேஷன், கீமோ. தடுப்பூசியும் இருக்கிற தொற்றைப் போக்காது. அதில் இருப்பது வைரஸின் வெளி ஓடு மட்டும்தான், உள்ளே மரபணு கிடையாது. அதைப் பார்த்து உடம்பு எதிர்ப்பு தயாரித்து வைத்துக்கொள்ளும், புதிதாக வைரஸ் வந்தால் தடுக்கும். சிறு வயதிலேயே போடச் சொல்வது இதனால்தான். வேறு எந்த உள்நோக்கமும் இல்லை.

சிகிச்சையே மாறுகிற விதிவிலக்குகளும் உண்டு. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள் அல்லவா, அவர்களில் சிலருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸால் ஒருவகை நிணநீர்ப் புற்று வரும். அந்த மாத்திரை அளவைக் குறைத்தாலே சிலருக்குக் கட்டி சுருங்கிவிடுகிறது. உடம்பு வைரஸை அந்நியமாகப் பார்த்துத் தாக்குகிறது, அவ்வளவுதான். எச்.ஐ.வி உள்ளவர்களுக்கும் இந்த வைரஸ் வகைப் புற்றுநோய்கள்தான் கூடுதலாக வருகின்றன: கபோசி சார்கோமா (ரத்தக் குழாய்ச் சுவர்களில் தொடங்கும் ஒரு புற்று), நிணநீர்ப் புற்று, கருப்பைவாய்ப் புற்று. எச்.ஐ.வி நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை, காவலைக் குறைத்து மற்ற வைரஸ்களுக்கு வழிவிடுகிறது. இதனால் எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையை 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்; மற்றவர்களுக்கு 30.

ஒரே இடத்தில் வரும் ஒரே பெயருள்ள கட்டி இரண்டு வேறு நோய்களாக இருக்க முடியும் என்பதற்குத் தொண்டையைப் பாருங்கள். டான்சில், நாக்கின் அடிப்பகுதி, இந்த இடங்களில் வரும் புற்றுநோயில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் பங்கு இப்போது எச்.பி.வி 16-ஆல் வருகிறது. 2010-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், எச்.பி.வி உள்ள தொண்டைப் புற்றுநோயாளிகளில் மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சுமார் 82 சதவீதம். வைரஸ் இல்லாதவர்களில் 57. இத்தனைக்கும் பலருக்குக் கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் நோயே தெரிகிறது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருந்ததால் நோயின் நிலையைக் கணக்கிடும் முறையையே பிரித்துவிட்டார்கள்: எச்.பி.வி உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு வேறொன்று.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் நாங்கள் பி16 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றுவோம். வைரஸின் இ7 ஆர்.பியை முடக்கியதும் செல்லுக்குள் பி16 எக்கச்சக்கமாக ஏறிவிடும், ஸ்லைடில் நல்ல பழுப்பாகத் தெரியும். தொண்டைக் கட்டியில் 70 சதவீதத்துக்கு மேல் செல்கள் பழுப்பானால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஆனால் கவனியுங்கள், இந்தச் சாயத்துக்கு அந்த அர்த்தம் தொண்டையில்தான். கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் முன்பகுதி ஆகிய இடங்களில் பி16 பழுப்பானாலும் அதை வைத்து வைரஸ் என்று சொல்லிவிட முடியாது.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது அந்த இடங்களைத்தான். வெற்றிலையோடு புகையிலை வைத்து அடக்கிக்கொள்ளும் அதே பக்கத்துக் கன்னத்தில் புண். பாக்கு மட்டும்தான் போடுகிறேன், புகையிலை இல்லை என்பார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். இந்தியாவின் வாய்ப் புற்றுநோயில் எச்.பி.வியின் பங்கு சிறியது. ஆனால் இணையத்தில் அமெரிக்கச் செய்தியைப் படித்துவிட்டு, "எனக்கு வைரஸால் வந்த வகையாகத்தான் இருக்கும், அது சீக்கிரம் குணமாகுமாம்" என்று சொல்லிக்கொண்டு பாக்கை விடாதவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் வரும், காட்டிக்கொள்ள மாட்டேன். இன்னொரு விஷயம்: வைரஸ் வகை நன்றாகக் குணமாகிறதே, மருந்தைக் குறைத்துக் கொடுக்கலாமே என்று சிஸ்பிளாட்டின் என்ற வழக்கமான கீமோ மருந்துக்குப் பதில் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த ஆய்வுகளில் பழைய மருந்து வாங்கியவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள். வகை தெரிந்துவிட்டது என்பதற்காக சிகிச்சையைக் குறைத்துவிட முடியாது.

மெர்கெல் செல் புற்றுநோய் என்று தோலில் அபூர்வமாக வரும் ஒன்று உண்டு, நம் பக்கம் மிக அரிது. 2008-இல் யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதி அதற்குள் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் உள்ள கட்டிகளில் மரபணுப் பிழைகள் மிகக் குறைவு. வைரஸ் இல்லாதவற்றில் வெயில் உண்டாக்கிய பிழைகள் குவிந்து கிடக்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

அடுத்தது கல்லீரல், இதைத்தான் பத்திரிகைகள் அநேகமாகத் தொடுவதே இல்லை. மஞ்சள் காமாலை என்றால் நம் ஆட்களுக்கு எல்லாம் ஒன்று. கீழாநெல்லி அரைத்துக் குடித்தாயிற்று, இறங்கிவிட்டது, முடிந்தது. கண் மஞ்சளாவதற்குக் காரணம் பல. வைரஸ்களில் ஹெபடைட்டிஸ் ஏ, இ இரண்டும் அசுத்தத் தண்ணீர், உணவு வழியாக வந்து பொதுவாகத் தானே போய்விடுகிறவை, கல்லீரல் புற்றுநோயில் கொண்டுபோய் விடுவதில்லை. பி, சி இரண்டும் ரத்தம் வழியாகப் பரவுகிறவை. பி என்றால் தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்கும், உடலுறவு வழியாகவும். இவைதான் ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கும். பலருக்குக் கண் மஞ்சளாகவே ஆவதில்லை என்பதால் இருப்பதே தெரியாது.

இந்த இரண்டுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி நம் டி.என்.ஏவுக்குள் செருகிக்கொள்ளக் கூடியது. கல்லீரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ் நிலை வராமலேகூடப் புற்றுநோய் வந்துவிடலாம். ஹெபடைட்டிஸ் சி ஆர்.என்.ஏ வைரஸ், செருகிக்கொள்வதில்லை. பல ஆண்டுகள் அழற்சியை உண்டாக்கி, தழும்பாக்கி, பெரும்பாலும் சிரோசிஸ் வழியாகவே புற்றுநோய்க்குக் கொண்டுபோகிறது. குடியாலும், சர்க்கரை நோய், உடல் பருமனோடு வரும் கொழுப்புக் கல்லீரலாலும் வருவது மூன்றாவது வழி. அங்கே வைரஸே கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. ஸ்கேனில் மூன்றும் கல்லீரலில் ஒரு கட்டிதான். ஆனால் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியது வேறு வேறு. பி வகை என்றால் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாரும் ரத்தப் பரிசோதனை செய்து, இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்; இருக்கிறவர்கள் டாக்டரிடம் தொடர்ந்து காட்ட வேண்டும், தேவைப்பட்டால் டெனோஃபோவிர் போன்ற மாத்திரை வைரஸை அடக்கி வைக்கும், புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறையும். சி வகைக்கு ஊசி கிடையாது, ஆனால் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிவிடுகிறது. குடி என்றால் குடியை நிறுத்துவதுதான், அதற்கு ஸ்லைடு பார்க்க வேண்டியதில்லை.

ஹெபடைட்டிஸ் பி ஊசியைத்தான் உண்மையில் உலகின் முதல் புற்றுநோய்த் தடுப்பூசி என்று சொல்ல வேண்டும். அந்த வைரஸைக் கண்டறிந்த பாரூக் பிளம்பர்க்குக்கு 1976-இல் நோபல் கொடுத்தார்கள். தைவான் 1984-இல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது, அதன்பின் அங்கே பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் வந்த ஐந்து-நோய்த் தடுப்பூசியிலும் இது உண்டு. ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசிதான் மிக முக்கியம். பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் தங்குவது 5 சதவீதத்துக்கும் கீழ். நாள் பார்த்து அப்புறம் போடலாம் என்று மாமியார் சொன்னாலும் கேட்காதீர்கள் என்று நான் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வதுண்டு.

இனி அந்தத் தட்டு, தம்ளர் கேள்வி. புற்றுநோய் ஒட்டாது. நோயாளியோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். தொற்றுவது வைரஸ், அதுவும் சாப்பாட்டுத் தட்டு வழியாக எச்.பி.வியோ ஹெபடைட்டிஸ் பியோ வருவதில்லை. அதோடு வைரஸ் தொற்றினவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வருகிறது. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் அநேகமாக எல்லாருக்கும் ஏதாவது ஒரு காலத்தில் எச்.பி.வி வந்து போகும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடம்பே விரட்டிவிடும். ஆபத்தான வகை, அதிலும் 16, 18, போகாமல் ஆண்டுக்கணக்கில் தங்கினால்தான் சிக்கல். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த இரண்டு வகைகளால். தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் நடுவே பொதுவாகப் பத்து, இருபது ஆண்டுகள் போய்விடும்.

இந்த இடைவெளியை வைத்து நடக்கும் குடும்பச் சண்டைகளைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். ரிப்போர்ட்டில் எச்.பி.வி என்று பார்த்ததும் கணவன் மனைவியைச் சந்தேகப்படுவதும், மனைவி கணவனைச் சந்தேகப்படுவதும் நடக்கிறது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கல்யாணத்துக்கு முந்தியதா, பிந்தியதா, வந்து எத்தனை காலம் சத்தமில்லாமல் இருந்தது, எதுவும் தெரியாது. ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், பிள்ளைகள் முன்னால் இந்தப் பேப்பரைக் காட்ட முடியாது, வைரஸ் பேரை எடுத்துவிட்டு வேறு பேப்பர் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். நுரையீரலோ குடலோ என்றால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. வைரஸ் வகைக்கு மட்டும் இந்தக் கூடுதல் சுமை. நோயாளிக்கு வந்த வைரஸ் ஊரில் எல்லாருக்கும் வந்து போகிற ஒன்று, இவருக்குப் போகவில்லை, அவ்வளவே.

வைரஸ் மட்டும் போதாது என்பதற்கு எப்ஸ்டீன்-பார் கதை. ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், பிள்ளைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைத் தொடர்ந்து பார்த்தார். 1961-இல் லண்டனில் அவர் அதைப் பற்றிப் பேசியதைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டீன், இதில் வைரஸ் இருக்கும் என்று நினைத்து, உகாண்டாவிலிருந்து கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைத்து எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தேடினார், கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் ஒரு விமானம் பனிமூட்டத்தால் லண்டனில் இறங்க முடியாமல் மான்செஸ்டருக்குப் போய்விட்டது. துண்டு வந்துசேர்ந்தபோது பாட்டிலில் திரவம் கலங்கலாக இருந்தது. கெட்டுப்போச்சு என்று கொட்டியிருக்கலாம், நாங்களாக இருந்தால் ஒருவேளை அதைத்தான் செய்திருப்போம். அவர் ஒரு துளி எடுத்துப் பார்த்தார், கட்டியிலிருந்து உதிர்ந்த செல்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்த்துத்தான் எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் மூவரும் 1964-இல் அந்த வைரஸைக் காட்டினார்கள். இன்று உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த வைரஸைச் சுமந்துகொண்டிருக்கிறோம், நானும் நீங்களும்தான் அநேகமாக. அந்தத் தாடைக் கட்டி ஆப்பிரிக்காவில் மலேரியா கடுமையாக உள்ள பகுதிகளில்தான் அதிகம். அதே வைரஸோடு தொடர்புடைய மூக்குப் பின்தொண்டைப் புற்றுநோய் தென்சீனாவிலும் நம் நாகாலாந்திலும் கூடுதல். இடம், பரம்பரை, கூட இருக்கும் வேறு நோய், உணவு எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

ஆனால் வைரஸ் இருப்பதால் ஒரு நன்மையும் உண்டு, அது தடயம் விடுகிறது. ஹாங்காங்கில் நோயறிகுறி இல்லாத சுமார் 20,000 ஆண்களின் ரத்தத்தில் இந்த வைரஸின் டி.என்.ஏவைத் தேடி, பின்தொண்டைப் புற்றுநோயை ஆரம்ப நிலையிலேயே பிடித்துக்காட்டி 2017-இல் வெளியிட்டார்கள். மார்பகக் கட்டிக்கு ரத்தத்தில் தேட இப்படி ஓர் அந்நியப் பொருள் கிடையாது, மாமோகிராம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கருப்பைவாயிலும் இதே வசதிதான்: செல் மாறுவதற்கு முன்பே வைரஸைத் தேடலாம்.

அதற்குப் பெரிய கருவி இல்லாமலும் முடியும் என்று காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் மாதிரியானதை, கருப்பைவாயில் தடவி வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். மாறினால் அங்கேயே குளிர்சிகிச்சை, அதாவது அந்த இடத்தை உறையவைத்து அழிப்பது. ஒரு பகுதிக் கிராமங்களில் இதைச் செய்து, மறு பகுதியில் வழக்கமான கவனிப்போடு விட்டு, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டதில், நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது, உலகமே எடுத்துப் பேசுகிறது. திண்டுக்கல்காரர்களிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சென்னையில் 1980-களில் பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் முதலிடம் கருப்பைவாய்க்குத்தான், இப்போது மார்பகத்துக்கு. ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது. இறங்கியதற்குத் தடுப்பூசி காரணமில்லை, அது அப்போது நம்மிடம் வரவே இல்லை. இருந்தும் நாடு முழுக்க ஆண்டுக்கு 1.2 லட்சம் பெண்களுக்கு மேல் இந்த நோய் வருகிறது.

தடுப்பூசி என்ன செய்யும் என்பதற்கு ஸ்காட்லாந்து. அங்கே 2008-இல் தொடங்கினார்கள். 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒருவருக்குக்கூட வரவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். இலங்கை 2017 முதலே பள்ளிச் சிறுமிகளுக்குப் போடுகிறது. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு என்று அறிவித்தது. வரவேற்கிறேன். கூடவே பையன்களையும் யோசிக்கலாம், ஆஸ்திரேலியா 2013-லேயே சேர்த்துவிட்டது. தொண்டைக் கட்டி ஆண்களுக்குத்தானே அதிகம். ஊசி போட்ட பெண்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், எல்லா வகை எச்.பி.வியையும் ஊசி தடுக்காது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் புற்றுநோய்க்கு எம்.ஆர்.என்.ஏ ஊசி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது வேறு. ஏற்கெனவே நோய் வந்த ஒருவரின் கட்டியில் என்ன மரபணுப் பிழைகள் இருக்கின்றன என்று பார்த்து, அந்த ஒருவருக்கென்றே தயாரிக்கும் சிகிச்சை ஊசி, ஆய்வில் இருக்கிறது. வருமுன் எல்லாருக்கும் போடும் எச்.பி.வி, ஹெபடைட்டிஸ் பி ஊசிகளோடு அதைச் சேர்த்து ஒரே பெட்டிச் செய்தியில் போடாதீர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புற்றுநோய்ச் செய்தி போடும்போது எந்த உறுப்பு, வைரஸ் தொடர்பு உண்டா இல்லையா, உண்டென்றால் எந்த வைரஸ் என்பதை முதல் பத்தியிலேயே போட்டுவிடுங்கள். வாசகர் கேள்விக்கு ஒரு நோயியல் டாக்டரை வைத்துப் பதில் எழுதும் பகுதி ஒன்று தொடங்கினால் இன்னும் நல்லது. தொடங்கினால், கருப்பைவாயோடு நிறுத்திவிடாமல் முதல் வாரத்திலேயே கல்லீரலுக்கும் இடம் விடுங்கள்; பிரசவ வார்டில் இருக்கும் தாய்மார்களின் வீட்டுக்காரர்கள் படிக்கட்டும், அன்றைக்கே ஊசி போட்டாயிற்றா என்று நர்ஸிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
நோயியல் ஆய்வக டெக்னீஷியன் ஒருவர்,
திருநெல்வேலி.